வீட்டுக்கு ஒரு கறவை மாடு: முதலில் புல், பிறகு கொட்டகை, கடைசியில்தான் மாடு

போர்ட் கிள்ளான் - தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால், லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த மாட்டைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள். விடியற்காலையில் பால் கறந்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன அம்மா, பள்ளி விட்டு வந்ததும் புல் அறுக்கப் போன அண்ணன், தீபாவளிச் செலவுக்காக விற்ற காளைக்கன்று என்று அந்தக் கதைகள் நீளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த பிறகு, கிள்ளான் வட்டாரத்தில் அந்த மாடுகளும் குறைந்துவிட்டன.

இப்போது காப்பார், மேரு, பந்திங், தெலுக் பங்லிமா காராங் போன்ற பகுதிகளில் சிறு நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கு மீண்டும் அந்த ஆசை வருகிறது. வேலை ஓய்வுக்குப் பிறகு ஒரு மாடு வளர்க்கலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கலப்படமில்லாத பால் கிடைக்கும், மிஞ்சியதை அக்கம் பக்கத்திலும் கோயிலுக்கும் கொடுக்கலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பலர் செய்யும் தவறு, முதலில் மாட்டை வாங்கிவிட்டுப் பிறகு புல்லைத் தேடுவது. புல் இல்லாத மாடு கயிற்றை அவிழ்த்துவிட்ட மாடாகிறது. அவிழ்த்துவிட்ட மாடு சாலைக்கு வருகிறது. இரவில் விளக்கில்லாத சாலையில் படுத்திருக்கும் மாட்டின் மீது மோட்டார் சைக்கிள் மோதினால் போவது மனித உயிர்.

ஆகவே புதிதாக மாடு வளர்க்க நினைப்பவர்கள் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே தருகிறோம்.

நிலம் யாருடையது?

முதல் கேள்வி இதுதான். சொந்த நிலமாக இருந்தால் நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் விவசாய நிலம் என்று இருக்கிறதா, குடியிருப்பு நிலம் என்று இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். தாமான் வீட்டுப் பின்புறத்தில் மாடு கட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். சாணநாற்றமும் ஈயும் பக்கத்து வீட்டுக்குப் போகும், புகார் ஊராட்சி மன்றத்துக்குப் போகும். கிள்ளானில் அந்தப் பொறுப்பு கிள்ளான் அரச மாநகர் மன்றத்திடம் இருக்கிறது. பந்திங், தெலுக் பங்லிமா காராங் போன்ற இடங்கள் கோலலங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனவே உங்கள் நிலம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அங்கே கால்நடை வளர்ப்புக்கு என்ன விதி என்பதை நேரில் கேளுங்கள்.

தோட்டத்தில் குடியிருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். “பெரிய கிராணி பார்த்துக்கொள்ளச் சொன்னார்” என்பது அனுமதி ஆகாது. நிர்வாகி மாறினால் அந்த வாய்ச்சொல்லும் மாறிவிடும். இளம் செம்பனைக் கன்றுகளை மாடு மேய்ந்துவிடும் என்பதால் மறுநடவு செய்த பகுதிகளில் நிர்வாகங்கள் மாடுகளை விடுவதில்லை. மரம் உயர்ந்து, மட்டை மாட்டின் வாய்க்கு எட்டாத பகுதிகளில்கூட, வேலி போட்டு முறை வைத்து மேய்த்தால்தான் இரு தரப்புக்கும் நல்லது.

புறம்போக்கு நிலத்தில் கொட்டகை போடுபவர்கள், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அது தங்களுடைய நிலம் ஆகிவிடாது என்பதை மறக்கக் கூடாது. பினாங்கு குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா நமக்குத் தெரிந்த உதாரணம். மாடு வளர்க்கும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த அந்தக் கிராமத்தின் நில வழக்கு, நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. கடைசியில் 2009-ஆம் ஆண்டில் வீடுகள் உடைக்கப்பட்டன. வீட்டோடு மாட்டுக் கொட்டகைகளும் போயின. ஒரு மாடு வளர்ப்பவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

அடுத்ததாக மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மலாயில் ‘ஜாபாத்தான் பெர்கிட்மாதான் வெதெரினார்’ என்று கேட்டால் காட்டுவார்கள். மாடு வளர்க்கும் இடத்தைப் பதிவு செய்வது, காதில் அடையாள வில்லை போடுவது, தடுப்பூசி, செயற்கை முறைக் கருவூட்டல் ஆகிய எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாசல். மாடு வாங்கும் முன்பே அங்குள்ள அதிகாரியை அறிமுகம் செய்துகொண்டால், நள்ளிரவில் கன்று ஈனும் மாடு தவிக்கும்போது யாரை அழைப்பது என்று திகைக்க வேண்டியதில்லை.

புல் கணக்கு

நாட்டு மாடு ஒன்றின் எடை சுமார் 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். கலப்பின மாடு 400 கிலோவையும் தாண்டும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் ஒரு நாளைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோ மாட்டுக்கு 40 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 14,600 கிலோ, அதாவது பதினான்கரை டன். இதைச் சாலையோரத்தில் அறுத்தே சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், மழையிலும் காய்ச்சலிலும் திருமண வீட்டு நாளிலும் அந்த 40 கிலோவை யார் அறுப்பார்கள் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சாலையோரப் புல்லில் வேறு ஆபத்தும் உண்டு. களைக்கொல்லி அடித்த புல்லை வெளிப்பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. தொழிற்பேட்டைக் கால்வாய் ஓரப் புல்லில் எண்ணெய்க் கழிவு இருக்கும். பிளாஸ்டிக் பைகளும் கம்பித் துண்டுகளும் புல்லோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. முதலில் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசை போடுகிறது. அதனால்தான் ஆணி வயிற்றில் தங்கி, நாளடைவில் நெஞ்சுப் பக்கம் குத்திக் கொல்கிறது.

ஆகவே சொந்தமாகப் புல் நடுங்கள். இங்கே எளிதாக வளர்வது நேப்பியர் புல். தாய்லாந்தில் உருவான ‘பாக்சோங்’, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கோ-4’ ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கலப்பினங்கள். கரும்பு நடுவதுபோல் இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளை இரண்டடி, மூன்றடி இடைவெளியில் நட்டால் போதும். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம் வரை பொறுங்கள். அதன் பிறகு ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். இடுப்பு உயரத்துக்கு மேல் வளரவிட்டால் தண்டு முற்றிவிடும், மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

நல்ல எருவும் தண்ணீர் வடிகாலும் இருந்தால் கால் ஏக்கர் நேப்பியரே ஒரு மாட்டைத் தாங்கும். ஆனால் புதியவர்கள் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ஒரு மாட்டுக்கு அரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் கிள்ளான், கேரித் தீவுப் பக்கம் நிலம் கடலோரக் களிமண். தண்ணீர் தேங்கும் இடத்தில் நேப்பியர் அழுகிவிடும். அத்தகைய தாழ்வான பகுதியில் மேட்டுப் பாத்தி போட்டு நேப்பியரை நடுங்கள். பள்ளத்தில் ஈரத்தைத் தாங்கும் பாரா புல்லை விடுங்கள்.

மாட்டை வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே புல்லை நட்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முக்கியமான ஆலோசனை. அந்த மூன்று மாதம் வேறொரு சோதனையும் ஆகும். தினமும் புல்லைக் கவனிக்க உங்களுக்கு நேரமும் மனமும் இருக்கிறதா என்பது மாடு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தீவனமும் தண்ணீரும்

புல் மட்டும் தின்றால் மாடு உயிர் வாழும், சிறிதளவு பாலும் தரும். கூடுதல் பாலுக்கு அடர்தீவனம் தேவை. உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான கணக்கு. ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு கிலோ, மாதத்துக்கு 120 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக வாங்கினால் இரண்டரை மூட்டைக்குச் சற்றுக் குறைவு.

நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. ‘பிகேசி’ என்று கேட்டால் தீவனக் கடைகளில் தருவார்கள். இதில் ஏறத்தாழ 14 முதல் 17 விழுக்காடு வரை புரதம் உண்டு. ஓடு அதிகம் கலந்திருந்தால் கையில் அள்ளும்போதே சரளைபோல் உறுத்தும், அதை வாங்காதீர்கள். மாட்டுக்குப் புதிய தீவனம் எதுவானாலும் கைப்பிடியளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். ஆடும் வளர்ப்பவர்கள் கவனிக்க: இந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். மாடு தாங்கும். செம்மறி ஆட்டுக்கு அது நஞ்சாகலாம்.

சோயாக்கட்டி தயாரிக்கும் இடங்களில் மிஞ்சும் சக்கையும் நல்ல தீவனம்தான். ஆனால் நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே போட வேண்டும். விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து மாட்டுக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது அன்பு அல்ல, ஆபத்து. சோறு அதிகமானால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் கூடி, அசை போடுவது நின்று, ஓரிரு நாளில் இறந்தும் போகும். மாட்டுப் பொங்கலன்றும் இதே எச்சரிக்கைதான். ஒரு கவளம் ஊட்டி வணங்குங்கள். பானைப் பொங்கலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கறவை மாடு நாளொன்றுக்கு 50 முதல் 80 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருந்தால் பால் குறையாது. தாது உப்புக் கட்டி ஒன்றை மாட்டுக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

கொட்டகை

கொட்டகை அழகாக இருக்க வேண்டியதில்லை. காய்ந்திருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். கூரை உயரமாக இருக்கட்டும். பக்கங்களை அடைக்காதீர்கள். நம் நாட்டில் மாட்டுக்கு எதிரி குளிர் அல்ல, புழுக்கம். தரையைச் சிமெண்டால் போட்டு வழுக்காதபடி கோடு கீறிவிடுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் கோமியமும் கழுவும் தண்ணீரும் வடிந்துவிடும். படுக்க ரப்பர் விரிப்பு போட்டால் முழங்கால் புண்ணாகாது.

கிள்ளானுக்கே உரிய இன்னொரு விஷயம் வெள்ளம். 2021 டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலாம் பகுதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கடலோரத்தில் பெரிய அலை ஏற்றமும் கனமழையும் ஒரே நாளில் சேர்ந்தால் கால்வாய் வடியாது. கொட்டகைத் தரையை அக்கம் பக்கத்து நிலத்தைவிட உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் ஏறினால் மாட்டை எந்த மேட்டுக்கு ஓட்டிப் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கட்டிய மாட்டைக் கயிற்றோடு விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். அதைக் கால்வாயில் தள்ளினால் புகார் வரும். நேப்பியர் பாத்திக்கே திருப்பிப் போட்டால் உரச் செலவு மிச்சம். மட்கிய எருவைப் பூச்செடி வளர்ப்பவர்கள் மூட்டையாக வாங்குவார்கள். பக்கத்து வீட்டாருடன் நல்லுறவு காக்க, தினமும் இருவேளை கொட்டகையைக் கழுவுவதைவிடச் சிறந்த வழி இல்லை.

எந்த மாடு?

நம் முன்னோர் வளர்த்ததும், இன்னும் தோட்டப்புறங்களில் காணப்படுவதும் உள்ளூர் இந்தியக் கறவை மாடு. கால்நடைத் துறையினர் இதை ‘எல்.ஐ.டி.’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பல இன மாடுகள் இங்கே கலந்து உருவான வகை. சிறிய உடம்பு, குறைந்த தீனி, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் தன்மை. பால் குறைவு. நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் கிடைத்தால் நல்ல மாடு.

மற்றொன்று ஃபிரீசியன்-சாஹிவால் கலப்பினம். ஃபிரீசியன் ஐரோப்பியப் பால் மாடு. சாஹிவால் பஞ்சாப் பகுதியின் திமில் மாடு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இவை இங்கே இறக்குமதி செய்யப்பட்டன. உள்நாட்டில் உருவான வகைக்கு ‘மாஃப்ரிவால்’ என்று பெயர். நல்ல தீனி போட்டால் எட்டுப் பத்து லிட்டர் கறக்கும். ஃபிரீசியன் இரத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பால் கூடும். வெயில் தாங்காத தன்மையும் உண்ணிக் காய்ச்சலும் அதனோடு கூடும்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு எங்கள் ஆலோசனை: நாட்டு மாடு, அல்லது நாட்டு இரத்தம் பாதிக்கு மேல் உள்ள கலப்பினம். மூன்று லிட்டர் கறக்கும் மாட்டில் நீங்கள் செய்யும் தவறுகளை அது தாங்கும். பன்னிரண்டு லிட்டர் மாடு தாங்காது.

இரண்டாவது அல்லது மூன்றாவது ஈற்று மாடாக, கன்றோடு வாங்குங்கள். வாயைத் திறந்து பல் பாருங்கள். கீழ்த்தாடையில் எட்டு நிலைப்பற்களும் முளைத்திருந்தால் வயது நான்கரைக்கு மேல். விற்பவர் சில சமயம் ஒருவேளை கறக்காமல் விட்டு, மடி கனத்திருக்கும்போது காட்டுவார். அதனால் மாலையில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் நீங்களே நின்று கறக்கச் சொல்லி அளந்து பாருங்கள். சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் சுழிக்கு முன் நான்கு காம்பையும் பாருங்கள். நான்கிலிருந்தும் சீராகப் பால் வருகிறதா, கட்டி இருக்கிறதா, தொட்டால் உதைக்கிறதா என்று கவனியுங்கள்.

கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ், காசநோய் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்த சான்று கேளுங்கள். இரண்டும் மனிதர்களுக்கும் தொற்றும். காது வில்லை இருக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவருவதானால் கால்நடைச் சேவை இலாகாவின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் லாரியில் ஏற்றாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பத்திரமில்லா மாட்டை வாங்கினால், நோயையும் வழக்கையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

பால் கறத்தல்

தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே இடம். இந்த மூன்றும் மாறாதிருந்தால் மாடு அமைதியாகப் பால் விடும். நாட்டு மாடுகள் கன்று வந்து முட்டினால்தான் சுரக்கும். கன்றைச் சிறிது நேரம் ஊட்டவிட்டு, முன்னால் கட்டி, மடியைக் கழுவித் துணியால் துடைத்த பிறகு கறக்கத் தொடங்குங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேலே விரலால் அடைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிழிய வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சுரப்பு அடங்கிவிடும்.

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் மருந்தில் நனைத்துவிட்டு, அரை மணி நேரம் மாடு படுக்காதபடி முன்னால் புல் போடுங்கள். காம்புத் துளை மூட அந்த நேரம் வேண்டும்.

நோய் எதிர்ப்பு மருந்து போட்ட மாட்டின் பாலை, மருந்துச் சீட்டில் சொன்ன நாட்கள் முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். கோயில் அபிஷேகத்துக்கும் கொடுக்காதீர்கள். அதைத்தான் பிறகு பிரசாதமாகப் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

கறந்த பாலை நம் வெப்பத்தில் வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். உடனே வடிகட்டி, பொங்கும்வரை காய்ச்சி, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். ‘பச்சைப் பால்தான் சத்து’ என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். வெளியே விற்பதானால் 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் பொருந்தும். அதன்படி பாலில் குறைந்தது 3.25 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்தால் இந்த அளவு தவறும். தைப்பூச வாரத்தில் பாலுக்குத் தேவை கூடும். ஆனால் தைப்பூசம் என்று மாட்டுக்குத் தெரியாது, அன்றைக்கும் அதே மூன்று லிட்டர்தான் தரும்.

கன்று ஈனாத மாடு பால் தராது

பலருக்கு இது பிந்தித்தான் உறைக்கிறது. மாடு எப்போதும் பால் தரும் குழாய் அல்ல. கன்று ஈன்றால் பால். ஏறத்தாழ பத்து மாதம் கறந்தால், அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பு கறப்பதை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். நாட்டு மாடு அதற்கும் முன்பே வற்றிவிடும்.

சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற மூன்று மாதத்துக்குள் மாடு மீண்டும் சினையாக வேண்டும். மாடு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்துவது, வாலைத் தூக்குவது, தீனி எடுக்காமல் நிற்பது, கண்ணாடிபோல் சளி ஒழுகுவது ஆகியவை அறிகுறிகள். ஒற்றை மாடாக இருந்தால் மேல் ஏறிக் காட்ட வேறு மாடு இல்லை. அதனால் சளியையும் சத்தத்தையும்தான் கவனிக்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை கருவூட்ட வேண்டும். ‘பெர்மானியன் பெராடாஸ்’ என்று கேட்டால் கால்நடைச் சேவை அலுவலகத்தில் ஏற்பாடு செய்வார்கள்.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாட்கள் போகும். அந்த 21 நாளும் மாடு 40 கிலோ வீதம் 840 கிலோ புல் தின்னும். இதற்காகவே கொட்டகைத் தூணில் ஒரு தமிழ்த் தினசரி நாட்காட்டியை மாட்டுங்கள். பருவம் வந்த நாள், ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், தடுப்பூசி நாள் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள்.

கன்று பிறந்ததும் தொப்புளில் அயோடின் தடவுங்கள். ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, சீம்பாலைக் கன்று குடித்தாக வேண்டும். கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அந்தச் சீம்பாலில்தான் வருகிறது. சீம்பாலில் திரட்டுப்பால் கிண்டுவது கன்றின் வயிறு நிறைந்த பிறகு.

பிறப்பது காளைக்கன்றானால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலிலேயே குடும்பமாகப் பேசிவிடுங்கள். இரண்டு கன்றில் ஒன்று காளையாகத்தான் இருக்கும். விற்றால் அது பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகும். மனம் ஒப்பாதவர்கள் அதையும் வளர்க்கும் புல் தங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்கவும் மனமில்லை, வளர்க்கவும் புல்லில்லை என்று அவிழ்த்துவிடுவது மட்டும் கூடவே கூடாது.

நோய்கள்

குளம்பு-வாய் நோய் எனும் கோமாரி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. உடம்பெல்லாம் கொப்புளக் கட்டிகளாக எழும் தோல் கழலை நோய் 2021-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. கடிக்கும் ஈயும் கொசுவும் இதைப் பரப்புகின்றன. ஆகவே மாலையில் புகை போடுவதும், சாணத்தை உடனுக்குடன் அகற்றுவதும் பழைய பழக்கம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்: அசை போடாமல் நிற்பது, இடப்பக்க வயிறு மத்தளம்போல் உப்புவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் கழுத்தை மடித்துப் படுப்பது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நஞ்சுக்கொடி விழாமல் இருப்பது. விழாத கொடியை நீங்களே இழுக்காதீர்கள். வாய்வழியே மருந்து ஊற்றும்போது தலையை அதிகம் தூக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி, வளர்க்கும் விலங்குக்குத் தீனி, தண்ணீர், சிகிச்சை தருவது உரிமையாளரின் கடமை. கொடுமை நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இலாபமா நட்டமா?

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அளவை மட்டும் சொல்கிறோம், ரிங்கிட்டை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஆறு லிட்டர் கறக்கும் மாட்டில், கன்றுக்கு இரண்டு, வீட்டுக்கு இரண்டு போக, விற்க மிஞ்சுவது இரண்டு லிட்டர். அதற்கு எதிரே நாளைக்கு நான்கு கிலோ தீவனம், உப்பு, மருந்து, தண்ணீர்க் கட்டணம். மாடு வற்றியிருக்கும் மாதங்களில் வரவு இல்லை, செலவு உண்டு. ஒரு மாடு வீட்டுக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் தரும். மாதச் சம்பளம் தராது. வருமானத்துக்காகச் செய்பவர்கள் நான்கைந்து மாடுகளோடு, பால் சேகரிப்பு நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் தொடங்க வேண்டும். அது வேறு தொழில், வேறு கணக்கு.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் பால் கறக்கத் தெரிய வேண்டும். நீங்கள் மருத்துவமனையில் படுத்தாலும், தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும், மாடு காலையிலும் மாலையிலும் மடி கனத்து நிற்கும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று சொல்ல முடிந்தால், மூன்று மாதப் புல் பாத்தியில் நின்றால், அனுமதிக் கடிதம் கையில் இருந்தால், தாராளமாகப் போய் மாடு பாருங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு புல்லை மட்டும் நடுங்கள். மாடு அடுத்த ஆண்டும் கிடைக்கும்.